திறந்தவெளியைக் கடப்பது எப்படி: ஸ்குவாட் லீடர் பலகையில் ஒரு காலாட்படைத் தாக்குதல்

இரண்டாம் உலகப் போர்ச் சண்டைகளை அறுகோணக் கட்டப் பலகையில் இருவர் ஆடும் ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ விளையாட்டின் ஸ்டார்ட்டர் கிட் 1-ஐப் பிரித்து, விதிகளை ஒரு தடவை வாசித்துவிட்டு ஆட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். தாக்குகிற பக்கத்துக்காரர் இரண்டாவது டர்னில் எல்லாக் காய்களையும் வெட்டவெளியில் ஓட விடுகிறார். மூன்றாவது டர்னில் கட்டடத்தைப் பிடிக்க அவரிடம் ஆளே மிஞ்சுவதில்லை. அந்த இரண்டாவது டர்னை எப்படி ஆடுவது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. மற்றவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

ஒரு டர்னில் இரு பக்கத்தாரும் ஒருவர் பின் ஒருவராக எட்டு ஃபேஸ் ஆடுவார்கள்: ராலி (உடைந்தவரைத் தேற்றுவது), ப்ரெப் ஃபயர் (நகராமல் சுடுவது), மூவ்மெண்ட் (நகர்வது), டிஃபென்சிவ் ஃபயர் (எதிராளி சுடுவது), அட்வான்சிங் ஃபயர் (நகர்ந்த பிறகு சுடுவது), ரவுட் (உடைந்தவர் ஓடுவது), அட்வான்ஸ் (ஒரு கட்டம் முன்னேறுவது), க்ளோஸ் காம்பாட் (கைகலப்பு). இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். ஸ்குவாடு, அதாவது சிறு படைக்குழுவின் காயில் 6-6-6 என்று இருந்தால் முதல் எண் சுடுதிறன், அடுத்தது எத்தனை கட்டம் எட்டும், கடைசி எண் மன உறுதி. லீடர் காயில் 9-1 என்றால் மன உறுதி 9, அவர் பகடைக் கணக்கில் ஒன்றைக் குறைப்பார். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை குறைவாக விழுவதுதான் இங்கே நல்லது. இந்த அளவு தெரிந்தவர்கள் மேலே வாசிக்கலாம்.

மேசை

காய்கள் அரை அங்குல அட்டை. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது, பாளையங்கோட்டையில் ஜன்னலைத் திறந்துவைத்து இந்த ஆட்டத்தை ஆட முடியாது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், ஃபேனைப் போட்டால் காய் பறக்கும். காய்களின் மேல் எதையும் மூட வழியில்லை. ஃபேனை ஒன்றில் வைத்து, மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப் போடுவதுதான் உருப்படியான வழி. பலகை நெளியாமல் இருக்க அதன் மேல் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தாள் ஒன்று வேண்டும். கண்ணாடிக் கடை அண்ணாச்சியிடம் பலகையையே கொண்டுபோய்க் காட்டி, அளவுக்கு வெட்டி வாங்குங்கள். பத்தமடைப் பாயில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் பலகைக்குக் கீழே ஒரு ஹார்டுபோர்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் பாயின் வரிவரியான மேடுபள்ளத்தில் அடுக்கு சரிந்துவிடும்.

காயின் நான்கு மூலைகளையும் நகவெட்டியால் லேசாகக் கத்தரித்துவிடுங்கள். அட்டையிலிருந்து பிரித்த இடத்தில் பிசிறு நிற்கும். அது பக்கத்துக் காயில் மாட்டி, அடுக்கை எடுக்கும்போது எல்லாம் கலைந்துபோகும். காய்களைப் பிரித்துவைக்க டவுன் ரதவீதி பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் பாசிமணி டப்பாவே போதும், தனிப் பெட்டி வாங்க வேண்டாம்.

பகடை இரண்டும் வேறு வேறு நிறமாக இருப்பது கட்டாயம். இயந்திரத் துப்பாக்கி மறுபடியும் சுடலாமா என்பதை நிறப் பகடை மட்டும்தான் சொல்லும். உழக்கில் போட்டுக் குலுக்கி ஒரு தட்டில் கொட்டினால், பகடை பலகையில் உருண்டு காய்களைக் கலைக்காது.

பயிற்சிக்கு ஒரு சின்ன மோதல்

முழு சினாரியோவை எடுக்க வேண்டாம். கிட்டில் வரும் இரண்டு பலகைகளில் ஒன்றில், ஒரு கல் கட்டடத்தையும் அதிலிருந்து நான்காவது கட்டத்தில் தொடங்கும் மரக்கூட்டத்தையும் தேடுங்கள். நடுவில் மூன்று கட்டம் திறந்தவெளி இருக்கட்டும். பக்கவாட்டில் ஒரு வேலியோ மரவீடோ இருந்தால் நல்லது. தாக்குகிறவருக்கு அமெரிக்க 6-6-6 ஸ்குவாடு ஆறு, லீடர்கள் 9-1, 8-0, ஒரு மீடியம் மெஷின் கன். காக்கிறவருக்கு ஜெர்மானிய 4-6-7 ஸ்குவாடு மூன்று, லீடர் 8-1, ஒரு லைட் மெஷின் கன். ஆறு டர்ன். கட்டடத்தில் நல்ல நிலையில் ஒரு அமெரிக்க ஸ்குவாடு இருந்து, ஜெர்மானியர் யாரும் இல்லையென்றால் தாக்கியவருக்கு வெற்றி.

ஒரு கட்டம் என்பது நிலத்தில் 40 மீட்டர், ஒரு டர்ன் 2 நிமிடம். மரக்கூட்டத்திலிருந்து கட்டடம் 160 மீட்டர் தூரம். 400 மீட்டர் ஓட்டப்பாதையில் அரைச் சுற்றுக்கும் குறைவு. ஓடிக் கடந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

முதல் டர்ன்: சுடுவதற்கு ஒரு குவியல்

மூன்று ஸ்குவாடு, மெஷின் கன், 9-1 லீடர் எல்லாம் ஒரே கட்டத்தில். ஒரு கட்டத்தில் மூன்று ஸ்குவாடுதான் நிற்கலாம். இடம் கட்டடத்திலிருந்து ஆறு கட்டத்துக்குள் இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. ஆறுக்குள் என்றால் 18-ம் மெஷின் கன்னின் 4-ம் சேர்ந்து 22, சுடுதிறனைப் பொறுத்து விளைவைச் சொல்லும் அட்டவணையில் 20 என்று தலைப்பிட்ட பத்தி. ஏழாவது கட்டத்துக்குப் போனால் ஸ்குவாடுகளின் சுடுதிறன் பாதியாகி 9, அதோடு 4 சேர்ந்து 13, பத்தி 12. ஒரே ஒரு கட்டம் பின்னால் நின்றதற்கு இவ்வளவு நஷ்டம்.

லீடர் இல்லாமல் சுட்டால், இரண்டு பகடையிலும் ஒரே எண் விழும்போது ஒரு பத்தி இடப்பக்கம் இறங்கிவிடும். ஆறு தடவைக்கு ஒரு தடவை அது நடக்கும். 9-1 அங்கே நிற்பதன் பயன் கல் சுவர் உள்ளே இருப்பவருக்குத் தரும் +3-இல் ஒன்றைக் குறைப்பது மட்டும் அல்ல, இதைத் தடுப்பதும்தான்.

மிச்சம் மூன்று ஸ்குவாடும் மரக்கூட்டத்தின் முன்விளிம்பில், வேறு வேறு கட்டங்களில். 8-0 லீடர் அவர்களுக்கு ஒரு கட்டம் பின்னால், மரத்துக்குள்ளேயே. அவரை முன்னால் அனுப்பும் ஆசையை அடக்குங்கள். உடைந்து (மன உறுதி குலைந்து) திரும்பி வரும் ஸ்குவாடுகளைத் தேற்றுவதுதான் அவர் வேலை. 6-6-6-இன் மன உறுதி 6 என்பது குறைச்சல்தான், ஆனால் உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், 8 இருக்கும். சீக்கிரம் உடைவார்கள், லீடர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் எழுந்தும் விடுவார்கள். தேற்றும் பகடையில் மரத்துக்குள் -1 வேறு கிடைக்கும். உடைந்த உடனே வரும் +4 அபராதம் இருக்கும்வரை 36-க்கு 10 வாய்ப்பு. மறுபடி அடிபடாமல் ஒரு ராலி ஃபேஸ் கடந்து அது நீங்கிவிட்டால் 36-க்கு 30.

எல்லாரும் விழுகிற இடம்

இனிப் பையப் பைய வாசியுங்கள்.

மூவ்மெண்ட் ஃபேஸில் நீங்கள் நகரும்போதே எதிராளி சுடலாம். திறந்தவெளியில் நகர்ந்தால் அவருக்கு -1. ஓட்டமாக நகர்ந்தால் இன்னொரு -1. இரண்டும் சேரும். அவர் சுடும் பத்தியில் உங்களுக்கு அடிபட, கடைசிக் கணக்கு 5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடையில் அதற்கு வாய்ப்பு 36-க்கு 10. -2 சேர்ந்தால் பகடையில் 7 விழுந்தாலே போதும், வாய்ப்பு 36-க்கு 21. பாதிக்கு மேல்.

அதோடு முடிவதில்லை. மூன்று கட்டமும் ஓடிக் கட்டடத்தை ஒட்டிப் போய் நிற்கிறீர்கள். எதிரி இருக்கும் கட்டத்துக்குள் மூவ்மெண்ட் ஃபேஸில் நுழைய முடியாது, ஆகவே வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் அவர் சுடுதிறன் இரட்டிப்பு. லைட் மெஷின் கன் வைத்திருக்கும் ஸ்குவாடின் 7 அங்கே 14 ஆகி, 6-ஆம் பத்தி 12-ஆம் பத்தியாகும். பிசானம் அறுத்து முடித்த வயலில், ஒதுங்க ஒரு வரப்புகூட இல்லாமல் நிற்கிற மாதிரிதான் அது.

சரியான வழி இது. மூவ்மெண்ட் ஃபேஸில் அசால்ட் மூவ்மெண்ட் என்று முதலிலேயே சொல்லி ஒரே ஒரு கட்டம் நகருங்கள். நான்கு நகர்வுப் புள்ளியும் செலவாகிவிடக் கூடாது. ஓட்டத்துக்கான -1 போய்விடும். பிறகு அட்வான்ஸ் ஃபேஸில் இன்னொரு கட்டம். அந்த ஃபேஸில் உங்களை யாரும் சுட முடியாது. கடைசிக் கட்டத்தை எப்போதும் அட்வான்ஸ் ஃபேஸில்தான் கடக்க வேண்டும். அடுத்து வருவது எதிராளியின் முறை, அவருடைய ப்ரெப் ஃபயர். அப்போது உங்கள் காய் வேலிக்குப் பின்னாலோ மரவீட்டுக்குள்ளோ இருக்கிற மாதிரி பாதையைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். நேர்வழி மூன்று கட்டம், வேலியோரமாகச் சுற்றினால் ஐந்து என்றால் ஐந்தில் போங்கள்.

புகை

சுடுதிறன் எண்ணின் தோளில் சின்னதாக ஒரு 3 இருக்கிறதா? அதுதான் புகைக்குண்டு எண். ஒரு பகடையை உருட்டி 3-க்குள் விழுந்தால் புகை. தன் கட்டத்தில் வைக்க 1 புள்ளி, பக்கத்துக் கட்டத்தில் வைக்க 2 புள்ளி. 6 விழுந்தால் அந்த ஸ்குவாடின் நகர்வு அத்தோடு முடிந்தது. புகைக்குள் இருப்பவரைச் சுட்டால் +2, திறந்தவெளிக்கான -1 அடியோடு போய்விடும். மேலே சொன்ன கணக்கில் ஓடுகிறவருக்கே 36-க்கு 21 என்பது 36-க்கு 6 ஆகிவிடும்.

பொறி இங்கே இருக்கிறது. புகைக்கட்டத்தில் நுழைய ஒரு புள்ளி கூடுதல். பக்கத்தில் புகை வைக்க 2, திறந்தவெளிக்கு 1, புகைக்கு 1, ஆக மொத்தம் 4. எல்லாப் புள்ளியும் தீர்ந்ததால் புகை வைத்த ஸ்குவாடு அசால்ட் மூவ்மெண்ட் செய்ய முடியாது. ஆகவே வைப்பவர் ஒருவர், போகிறவர் வேறொருவர். வைத்தவர் மரத்துக்குள்ளேயே நிற்கட்டும்.

*பின்சேர்க்கை:* அடுத்த டர்னிலும் புகை இருக்குமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். இருக்காது. புகைக்குண்டுப் புகை மூவ்மெண்ட் ஃபேஸ் முடிந்ததும் எடுக்கப்பட வேண்டும். டிஃபென்சிவ் ஃபயர் ஃபேஸில் அது உங்களைக் காக்காது. வெட்டவெளி நடுவே புகையை நம்பி நின்றுவிடாதீர்கள்.

யார் முதலில் போவது

மூன்று ஸ்குவாடையும் ஒரே அடுக்காக நகர்த்தினால், ஒரே பகடை மூவரையும் பதம் பார்க்கும். ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். முதலில் போகிறவர் அசால்ட் மூவ்மெண்டில் ஒரு கட்டம் வெளியே வரட்டும். எதிராளி சுட்டால் அவர் காய் மேல் ‘ஃபர்ஸ்ட் ஃபயர்’ (ஒரு தடவை சுட்டாகிவிட்டது) என்ற அடையாளக் காய் விழும். அதற்குப்பிறகு அந்த ஃபேஸில் அவர் பாதிச் சுடுதிறனில்தான் சுட முடியும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சுடவில்லையென்றால் உங்கள் ஸ்குவாடு ஒரு கட்டம் நெருங்கிவிட்டது. இரண்டும் உங்களுக்கு லாபம்.

ஆனால் சுட்ட கட்டத்தில் எஞ்சிய சூடு என்று ஒரு காய் வைப்பார்கள். 4-ஆம் பத்தியில் சுட்டிருந்தால் 2. அடுத்து அந்தக் கட்டத்தில் நுழைகிறவர் அதன் தாக்குதலையும் வாங்க வேண்டும், -1களோடு சேர்த்து. முதல் ஆள் போன தடத்திலேயே இரண்டாவது ஆளை அனுப்பாதீர்கள். பக்கத்துக் கட்டம் வழியாக அனுப்புங்கள்.

மன உறுதிச் சோதனையில் சரியாக அதே எண் விழுந்தால் ஸ்குவாடு உடையாது, ‘பின்’ (pin, அதாவது பதுங்கி முடங்குவது) ஆகிவிடும். பின் ஆனவர் அந்த டர்னில் அட்வான்ஸ் செய்ய முடியாது. தாக்குதல் பாதி வழியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். மூவரில் ஒருவர் பின் ஆவார் என்று கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள்.

உள்ளே நுழைவது

சுடும் குவியல் இரண்டு மூன்று டர்ன் விடாமல் அடித்திருந்தால், கட்டடத்தில் ஒரு ஸ்குவாடாவது உடைந்திருக்கும். உடைந்தவர், எதிரி ஒட்டி நின்றால் ரவுட் ஃபேஸில் ஓடியே ஆக வேண்டும். ஓட வழியில்லையென்றால் பலகையை விட்டே நீக்கம். ஆகவே மூன்றில் ஒரு ஸ்குவாடைக் கட்டடத்தின் பின்பக்கம் அனுப்புவது வீண் அல்ல. கைகலப்பில் கொல்வதைவிட வழியை அடைத்துக் கொல்வது மலிவு.

மிச்சம் இருக்கிறவர்மேல் அட்வான்ஸ் ஃபேஸில் இரண்டு ஸ்குவாடு சேர்ந்தே ஏறுங்கள். ஒன்று மட்டும் ஏறினால் சுடுதிறன் 6-க்கு 4, அதாவது 3-2 விகிதம். எதிரியை நீக்கப் பகடையில் 6-க்குக் கீழே விழ வேண்டும், 36-க்கு 10. இரண்டு ஏறினால் 12-க்கு 4, அதாவது 3-1. 8-க்குக் கீழே விழுந்தால் போதும், 36-க்கு 21. ஒருவர் முந்தி ஏறி மற்றவர் அடுத்த டர்னில் வருவது என்பது இரண்டு பேரையும் தனித்தனியாக இழப்பதற்கான ஏற்பாடு.

இந்தப் பாடம் நம்ம சீமைக்குப் புதிதல்ல. 1801 மார்ச் 31-இல் கும்பினிப்படை பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் மேல் ஏறிப் பார்த்து, பெரிய இழப்போடு பின்வாங்கியது. மறுபடி வந்தபோது கூடுதல் ஆட்களும் பெரிய பீரங்கிகளும் வரும்வரை காத்திருந்து, சுவரை அடித்துத் திறந்த பிறகுதான் மே 24-இல் நுழைந்தது. உள்ளே நின்ற ஊமைத்துரையின் ஆட்கள் அவ்வளவு கெட்டியாக நின்றார்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* ப்ரெப் ஃபயரில் சுட்ட ஸ்குவாடு அட்வான்ஸ் செய்யலாமா? செய்யலாம். மூவ்மெண்ட் ஃபேஸில்தான் நகர முடியாது, அட்வான்சிங் ஃபயரில் மறுபடி சுட முடியாது. சுடும் குவியலையும் தேவைப்பட்டால் ஒவ்வொரு டர்னும் ஒரு கட்டம் முன்னால் கொண்டுவரலாம். ஆனால் 9-1 லீடரும் மெஷின் கன்னும் கட்டடத்தைப் பார்க்கும் கோடு மறையாமல் இருக்கிறதா என்று நூலைப் பிடித்துப் பார்த்த பிறகு நகர்த்துங்கள். கட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு, கறுப்புத் தையல் நூல். வெள்ளை நூல் பலகையில் கண்ணுக்குத் தெரியாது.