'பாபா இஸ் யூ' ஆடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாருக்காவது 'பாபா இஸ் யூ' என்ற புதிர் வீடியோ கேமைப் பரிந்துரைத்தால் சில நாளிலேயே புகார் வந்துவிடும்: "ஒண்ணும் புரியலை, மூடி வச்சிட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். எந்தப் பட்டன் எதற்கு என்பதை கேமே சொல்லிவிடும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்து எடை போடுவது

கறுப்புப் பின்னணி, நடுங்கும் கோடுகளில் வரைந்த குட்டிக் குட்டிப் பிக்சல் படங்கள், வெள்ளையாக முயலா ஆடா என்று தெரியாத ஒரு பிராணி, அதுதான் பாபா. பார்த்தவுடன் "சின்னப் பசங்க கேம்" என்று தோன்றும். ஃபின்லாந்தின் ஆர்வி டெய்கரி 2017-இல் நார்டிக் கேம் ஜாம் என்ற கேம் உருவாக்கும் போட்டியில் சில நாட்களுக்குள் இதன் முதல் வடிவத்தைச் செய்து பரிசு வாங்கினார். 2019 மார்ச்சில் முழு கேமாக வந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட லெவல்கள் இருந்தன. பாதியைத் தாண்டியவர்களுக்கே அது எப்படிப்பட்ட கேம் என்று தெரியும். படம் எளிமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. திரையில் எது பாறை, எது வார்த்தை, எந்த வாக்கியம் இப்போது நடப்பில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நடப்பில் உள்ள வாக்கியம் பளிச்சென்று இருக்கும், கலைந்த வார்த்தைகள் மங்கிப் போகும். இதைக் கவனிக்காமல் ஆடுகிறவர்கள் பாதித் தகவலைத் தவற விடுகிறார்கள்.

சுவர் என்றால் சுவர்தான் என்று நம்புவது

முதல் லெவலில் நான்கு வாக்கியங்கள்: பாபா இஸ் யூ, ஃபிளாக் இஸ் வின், வால் இஸ் ஸ்டாப், ராக் இஸ் புஷ். 'யூ' ஆக இருப்பதைத்தான் நீங்கள் நகர்த்துவீர்கள், 'வின்' ஆக இருப்பதை அது தொட்டால் வெற்றி. ஒவ்வொரு வார்த்தையும் தள்ளக்கூடிய தனிக் கட்டை. இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ வாக்கியம் அமைந்தால் அது விதி. ஒரு கட்டை நகர்ந்தால் விதி போயிற்று. ஆனால் இந்த லெவலில் பாறையைத் தள்ளிவிட்டு நேரே போய்க் கொடியைத் தொட்டாலே வென்றுவிடலாம். 1982-இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் முதல் பெட்டி தள்ளும் புதிர்களில் சுவர் அசையாது. அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இந்த முதல் வெற்றியோடு ஏமாந்துவிடுகிறார்கள். அடுத்த லெவலிலேயே பாபாவைச் சுவருக்குள் அடைத்து, 'வால் இஸ் ஸ்டாப்' வாக்கியத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான். மூலையில் ஓரத்தோடு ஒட்டிய வாக்கியத்தை எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் கலைக்க முடியாது. அது உருவாக்கியவர் போட்ட பூட்டு. மூலையில் இல்லாத வாக்கியம் எதுவானாலும் சந்தேகத்துக்குரியது. அப்புறம், பூட்டிய வாக்கியத்திலிருந்தும் வார்த்தையைக் கடன் வாங்கலாம். மேலே ஓரத்தில் 'பாபா இஸ் யூ' இருக்கிறது என்று வையுங்கள். அந்த 'பாபா' கட்டைக்கு நேர் கீழே ஓர் 'இஸ்', அதற்குக் கீழே ஒரு 'வின்' வைத்தால் 'பாபா இஸ் வின்' என்று இன்னொரு வாக்கியம் கிடைக்கும். நீங்களும் பாபா, வெற்றியும் பாபா. கொடியைத் தேடிப் போகவே வேண்டாம், லெவல் அங்கேயே முடிந்துவிடும்.

விடை வீடியோ பார்ப்பது, விடையைச் சொல்லிக்கொடுப்பது

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

மற்ற புதிர் கேம்களில் வீடியோ பார்ப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோகோபானின் கடினமான லெவலில் விடை என்பது நூற்றுக்கணக்கான அசைவுகள். பார்த்தாலும் மனதில் நிற்காது, திரும்ப நீங்கள்தான் தள்ள வேண்டும். இங்கே பல லெவல்களின் விடை வெறும் மூன்று வார்த்தை. பெரும்பாலான விதிகளே மூன்று வார்த்தைதானே! இந்த கேமே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான். எரிமலைக் குழம்புக்குள் ஒரு பனிக்கட்டி, உருகாமல் இருக்கிறது, காரணம் பக்கத்தில் 'ஐஸ் இஸ் நாட் மெல்ட்' என்று எழுதியிருக்கிறது. டெய்கரியின் மனதில் முதலில் வந்த காட்சி அது. அந்த மாதிரி வாக்கியத்தை வாயால் சொல்லிவிட்டால் லெவலில் மிச்சம் என்ன இருக்கிறது? விடுகதைக்கு விடையைச் சொல்லிவிட்டு "இப்போ யோசி" என்பது போல்தான்.

அக்காவின் இளைய மகன் ஒரு லெவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாபா ஒரு பக்கம், கொடி மறு பக்கம், நடுவில் போக வழியே இல்லை. அவன் கட்டைகளைத் தொடுவதை நிறுத்திவிட்டு, திரையை வெறித்துப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். அதுதான் நல்ல அறிகுறி, வாக்கியங்களைக் கூட்டிப் பார்க்கிறான். அதற்குள் பின்னால் நின்ற அண்ணன்காரன், "டேய், சுவரையே யூ ஆக்குடா" என்று உடைத்துவிட்டான். 'வால் இஸ் யூ' என்று வைத்ததும் திரையில் இருந்த சுவர் மொத்தமும் சேர்ந்து நகர்ந்தது, ஒரு செங்கல் கொடியில் இடித்தது. முடிந்தது. சின்னவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "நீயே ஆடு" என்று எழுந்து போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீடியோ இதைவிட மோசம், ஏனென்றால் சேதம் உடனே தெரியாது. தோழி ஒருத்தி ஒரு பகுதி முழுவதையும் வீடியோ பார்த்தே முடித்துவிட்டு வந்தாள். ஒரு லெவலில் முதலில் 'பாபா இஸ் பாபா' என்று ஒரு வாக்கியத்தை அமைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "அவர் வச்சார், நானும் வச்சேன்" என்றாள். அந்த வாக்கியம் ஒரு கவசம். பாபா பாபாதான் என்று எழுதிவிட்டால், பிறகு 'பாபா இஸ் ராக்' வந்தாலும் பாபா பாறையாக மாறாது. அந்தப் பாறை வாக்கியத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்துவிடும். இது புரியாமல் தாண்டியதால், அதே தந்திரத்தை 'கேகே' என்ற இன்னொரு பாத்திரத்துக்குச் செய்ய வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டாள். இந்த கேம் முந்தைய லெவலில் கண்டுபிடித்ததை அடுத்த லெவலில் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், மறுபடி சொல்லித் தராது. ஒரு விடையைத் திருடினால் வரும் நாலு லெவல்களின் சாவியையும் சேர்த்துத் தொலைக்கிறீர்கள்.

உதவி கேட்பது தவறில்லை, கேட்கும் விதம் முக்கியம். என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். இப்போது 'யூ' யார்? இங்கே 'வின்' ஆகக்கூடியவை எவை? எந்த வாக்கியத்தைத் தொடவே முடியாது? பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் "இரு, இரு" என்று திரும்பிவிடுவார்கள்.

ஒரே லெவலில் முட்டிக்கொண்டு நிற்பது

ஒரு பகுதியைக் கடக்க எல்லா லெவலும் தேவையில்லை. வேறொன்றுக்குப் போங்கள்.

இசை நின்றதும் ரீஸ்டார்ட் அடிப்பது

'யூ' இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அன்டூவுக்கு எல்லையே கிடையாது, ஒரு அடி பின்னால் வாருங்கள்.

மாட்டிக்கொண்டால் தன் மூளைதான் காரணம் என்று நினைப்பது

சரி, கேம் பக்கமும் குறை இருக்கிறது. லெவல்களின் கடினம் சீராக ஏறவில்லை. ஒரு பகுதியில் மூன்றாவதாக இருப்பது ஏழாவதைவிடக் கடினமாக இருக்கும். சில இடங்களில் யோசனை கிடைத்துவிடும், ஆனால் கட்டையைத் திருப்ப ஒரு கட்டம் இடம் போதாது. தலைகீழாக நின்று ஓரத்தில் ஒட்டாமல் தள்ள வேண்டும். அது எனக்குப் புதிராகத் தெரியவில்லை, வெறும் சிரமம். சிக்கியவருக்கு உள்ளே சின்னக் குறிப்புகூடக் கிடைக்காது. ஆட்கள் வீடியோவுக்கு ஓடுவதில் அதற்கும் பங்கு உண்டு. வார்த்தைக் கட்டைகள் ஆங்கிலம் என்பதால், 'வால்', 'ராக்' வரை சமாளிக்கும் பிள்ளைகள் 'ஃபேசிங்', 'லோன்லி' வரும்போது பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். பொருளை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு பெரிய குறை, ஒரே அசைவில் பல விதிகள் செயல்பட்டால் எது முதலில், எது பிறகு என்று எங்கேயும் விளக்கமில்லை. பொருள்களைத் தாமாகவே நகர வைக்கும் 'மூவ்' விதி உள்ள லெவல்களில் இது படுத்தும். அங்கே எதையும் தொடாதீர்கள். காத்திருக்கும் பட்டனை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்தி, எது எங்கே போய் எதில் முட்டித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, அன்டூ அடித்து ஆரம்பத்துக்கு வந்து பிறகு ஆடுங்கள்.