ஜப்பான் குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர்: வாங்குவதிலிருந்து எடுத்துவைப்பது வரை

ஹீட்டர் வாங்கும் முன் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மண்ணெண்ணெய் ஹீட்டருக்குத் தடை உண்டு. தடை இல்லையென்றால், சிறுநகரத்துப் பழைய மரவீட்டுக்கு இதுதான் சரியான துணை. வெளியே உறைநிலையை ஒட்டிக் குளிரும்போது ஏசியின் வெளி யூனிட்டில் பனி படியும். அதை உருக்குவதற்காக ஏசி நடுநடுவே சூடு தருவதை நிறுத்திவிடும். ஹீட்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஃபேன் ஹீட்டர், திரி ஸ்டவ் என்று இரண்டு வகை. முதலாவதற்கு எண்ணெயோடு கரண்டும் வேண்டும், அறைச் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும். இரண்டாவதைப் பற்றவைக்கப் பேட்டரி போதும், கரண்ட் போன இரவிலும் எரியும். அதிகம் பனி பொழியும் ஊர் என்றால் திரி ஸ்டவ்வையும் ஒன்று வைத்திருப்பது நல்லது. மரவீட்டில் 9 தாத்தாமி (ஜப்பானியத் தரைப்பாய், அறையின் அளவை அதன் எண்ணிக்கையில்தான் சொல்வார்கள்) அறைக்கு 3.2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் போதும். முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 0.31 லிட்டர் குடிக்கும். 5 லிட்டர் டேங்க் 16 மணி நேரம் வரும்.

மண்ணெண்ணெயை அங்கே தோயு என்பார்கள். நம்மூர் ரேஷன் கடை எண்ணெய் மாதிரி நீலமாக இருக்காது, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பிடிப்பதற்கு 18 லிட்டர் பாலிகேன் வேண்டும். டோக்கியோ பக்கம் சிவப்பு, ஒசாகா பக்கம் நீலம். எந்த நிறமானாலும் சரி. தண்ணீர் பிடிக்கும் வெள்ளைக் கேன் மட்டும் கூடாது, வெளிச்சம் ஊடுருவி எண்ணெய் கெட்டுவிடும். நிரம்பிய கேன் 15 கிலோவுக்கு மேல் இருக்கும், மாடி வீட்டுக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வரும் எண்ணெய் வண்டியில் விலை சற்றுக் கூடுதல், ஆனால் முதுகு பிழைக்கும்.

நீங்களே பிடித்துக்கொள்ளும் பெட்ரோல் பங்க்கில் மண்ணெண்ணெய்க் குழாயின் கைப்பிடி நீலம். சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரகப் பெட்ரோல், பச்சை டீசல். கேனைத் தரையில் வைத்துப் பிடியுங்கள். பெட்ரோல் கொஞ்சம் கலந்தாலும் தீ கட்டுக்கடங்காது. சந்தேகம் வந்தால், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு சொட்டை விரலில் தொட்டு ஊதுங்கள். பெட்ரோல் சட்டென்று காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் ஈரமாகவே இருக்கும்.

ஹீட்டரை அணைத்த பிறகுதான் டேங்கை வெளியே எடுக்க வேண்டும். கை பம்ப்பின் உச்சியில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதை இறுக்கி, நேர்க்குழாயைக் கேனிலும் வளைகுழாயை டேங்கிலும் விட்டு, குமிழை நாலைந்து முறை அமுக்குங்கள். கேன் மேலேயும் டேங்க் கீழேயும் இருந்தால் அதற்குப் பிறகு எண்ணெய் தானாக இறங்கும். திருகைத் தளர்த்தினால்தான் ஓட்டம் நிற்கும். குமிழிலிருந்து கையை எடுத்தால் போதும் என்று நினைத்தால் தாத்தாமி நனையும், அந்த வாடை லேசில் போகாது. மூடியை இறுக்கியதும் டேங்கைக் கவிழ்த்து, சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஹீட்டருக்குள் வையுங்கள். தளர்ந்த மூடியால் வீடே எரிந்ததுண்டு. திரி ஸ்டவ் என்றால் முதல்முறை எண்ணெய் ஊற்றி 20 நிமிடமாவது திரி ஊற விடுங்கள். காய்ந்த திரியைப் பற்றவைத்தால் கருகிவிடும்.

எரியும்போது புகை அறைக்குள்ளேயேதான் கலக்கும். மணிக்கு ஓரிரு முறை, எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாடையே கிடையாது. தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். ஃபேன் ஹீட்டர் 3 மணி நேரத்தில் தானாக அணைந்தால் பழுது என்று பதற வேண்டாம். அது பாதுகாப்புக்காக, நீட்டிப்புப் பொத்தானை அமுக்கினால் தொடரும்.

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டருக்கும் சற்று மேல் தண்ணீர் ஆவியாக அறையில் சேரும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிவது அதுதான். துடைக்காமல் விட்டால் சட்டத்தின் ரப்பரில் கரும்பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். படுக்கையைத் தினமும் தூக்கிக் காயவைக்காவிட்டால் அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

எண்ணெய் இருந்தும் ஃபேன் ஹீட்டர் பற்றிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் அணைந்து போகிறதா? பெரும்பாலும் தலைமுடி ஸ்ப்ரேதான் காரணம். அதிலுள்ள சிலிகான் நெருப்பில் வெந்து, தீ இருப்பதை உணரும் கம்பியில் வெள்ளையாகப் படியும். எரிந்துகொண்டிருக்கும்போதே தீ இல்லை என்று நினைத்து இயந்திரம் நின்றுவிடும். பர்னரைப் பிரித்துத் துடைப்பது பழுதுபார்ப்பவர் வேலை. உங்களால் ஆவது, ஹீட்டர் உள்ள அறையில் ஸ்ப்ரே அடிக்காமல் இருப்பதுதான்.

குளிர் விட்டதும் டேங்கில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்துவிடுங்கள். அடித்தட்டில் தங்குவதைச் சொட்டு உறிஞ்சியால் எடுத்து, வடிகட்டியைச் சுத்தம் செய்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கேனில் மீந்ததை அடுத்த குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்தாதீர்கள். கோடை வெயிலில் அது மஞ்சளித்துப் புளித்த வாடை அடிக்கும், ஃபேன் ஹீட்டரின் பர்னரில் தார் கட்டும், திரியைக் கல்லாக்கும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. வாங்கிய பங்க்கிலேயே கேளுங்கள், பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள்.