வீட்டு லேத்துக்கு இன்சர்ட் வாங்குவது எப்படி? முதல் தடவை வாங்குபவர்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ காட்பாடிப் பக்கம் ஏதாவது கடைசல் பட்டறையிலோ தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், நாம் வீட்டில் சின்ன லேத் வாங்கிய சேதி தெரிந்ததும் கை நிறைய இன்சர்ட் (உலோகத்தைச் சீவும், கழற்றி மாட்டக்கூடிய கார்பைடு முனைத் துண்டு) அள்ளிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் டபிள்யூஎன்எம்ஜி 080408 என்ற ரகமாக இருக்கும். ஆறு முனை, நல்ல கனம், அதுவும் ஓசி. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக ஹோல்டர் (இன்சர்ட்டைப் பிடித்திருக்கும் இரும்புக் கட்டை) வாங்கப் போகாதீர்கள். அது பெரிய மெஷினுக்குச் செய்தது. அரை எச்பி, ஒரு எச்பி மோட்டாரோடு மேசை மேல் உட்கார்ந்திருக்கும் லேத்தில் போட்டால் வெட்டுவதைவிட ராடை நெட்டித் தள்ளும், அப்புறம் அதிர்வுச் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அந்த இன்சர்ட்டின் பக்கச் சுவர் நேர் செங்குத்து. அடிப்பக்கம் உராயாமல் இருக்க ஹோல்டரே அதைக் குனிய வைத்துப் பிடிக்கும், குனிந்த முனைக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். நமக்கு வேண்டியது பாசிட்டிவ் வகை. அதில் பக்கச் சுவர் உள்ளே சரிந்திருப்பதால் விளிம்பு கூராக நிற்கும், சின்ன மோட்டாரும் தாங்கும்.

1. முதலில் லேத்தை அளங்கள்

லேத்தின் வலது கோடியில் இருக்கும் டெயில்ஸ்டாக்கில் சென்டரை (கூர்முனைத் துண்டு) மாட்டி, டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் டூல் உட்காரும் தளத்திலிருந்து சென்டர் முனை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். வெட்டு முனை இந்த உயரத்துக்கே வர வேண்டும். 13 வந்தால் 12 மி.மீ. ஹோல்டர் வாங்கலாம், மீதி 1 மில்லிமீட்டரை உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டுகளை அடியில் கொடுத்துச் சரிக்கட்டலாம். 11 வந்தால் 10 மி.மீ. தான். ஏற்றுவது சுலபம், இறக்க வழி கிடையாது.

2. பெட்டி மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

சிசிஎம்டி 060204 என்று இருக்கிறதா? முதல் சி என்பது வடிவம், 80 டிகிரி முனை உள்ள சாய்சதுரம். அடுத்த சி, பக்கச் சரிவு 7 டிகிரி. இந்த இடத்தில் என் என்று இருந்தால் சரிவே இல்லை, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எம் என்பது எவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு, டி என்பது ஓட்டையும் சிப்பை (சீவி விழும் உலோகச் சுருள்) உடைக்கும் பள்ளமும் எப்படி என்பதற்கு. எண்களில் 06 வெட்டு விளிம்பின் நீளம், 02 கனம் (உண்மையில் 2.38 மி.மீ.), கடைசி 04 மூக்கு வளைவு, அதாவது 0.4 மி.மீ.

ஹோல்டரில் எஸ்சிஎல்சிஆர் என்று தேடுங்கள். டர்னிங் (ராடின் சுற்றுப்புறத்தைச் சீவுவது), பேசிங் (அதன் முகப்பைச் சீவுவது) இரண்டையும் ஒரே டூலில் முடித்துவிடலாம். ஹோல்டர் எண்ணின் கடைசியில் 06 இருந்தால் 06 இன்சர்ட், 09 இருந்தால் 09; மாற்றிப் போட முடியாது. 55 டிகிரி முனை உள்ள டிசிஎம்டி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. மூக்கு வளைவு

புதிதாக வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூக்கு பெரிதானால் பினிஷ் நன்றாக வரும் என்பார்கள், பெரிய மெஷினில் அது சரி. பெரிய மூக்கு ராடைப் பக்கவாட்டில் தள்ளும், இரண்டு முனையிலும் பிடித்த ஒல்லியான ராடு வளைந்து கொடுக்கும், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வரும். வீட்டு லேத்துக்கு 02 அல்லது 04 போதும்.

வெட்டின் ஆழமும் இதோடு சேர்ந்தது. 0.4 மூக்கை வைத்துக்கொண்டு கடைசியில் 0.03 மி.மீ. மட்டும் சீவப் பார்த்தால், மழுங்கின அரிவாள்மணையில் தக்காளி நறுக்குவது போலத்தான், அழுத்தும், வெட்டாது. அடுத்த தடவை திடீரென்று கூடுதலாக எடுத்து அளவைக் கெடுக்கும். அதனால் விட்டத்தில் 1 மி.மீ. பாக்கி இருக்கும்போதே நிறுத்தி அளந்து, மீதியை இரண்டு சம வெட்டாகப் பிரியுங்கள். ஃபீட் (ராடு ஒரு சுற்று சுற்றும்போது டூல் நகரும் தூரம்) மூக்கு வளைவில் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும்.

4. எந்த உலோகம், எந்த நிறம்

பெட்டியில் நீலம் இருந்தால் ஸ்டீல், மஞ்சள் ஸ்டெயின்லெஸ், சிவப்பு வார்ப்பிரும்பு, பச்சை அலுமினியம், பித்தளை. பழகுவதற்கு நீலம் போதும். பிவிடி பூச்சு என்று கேட்டு வாங்குங்கள், அது மெல்லியது, விளிம்பின் கூர் மழுங்காது. சிசிஜிடி என்ற வகை இன்னும் கூர். அலுமினியத்துக்கென்று விற்றாலும் சின்ன லேத்தில் மைல்ட் ஸ்டீலை அழகாகச் சீவும். முதல் தடவை எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். ஆனால் இடி தாங்காது.

இடி என்றதும் ஒன்று: வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியில் பழகாதீர்கள். வெளித்தோல் கெட்டிப்படுத்தப்பட்டது, மேலே வரிவரியாக மேடு வேறு, முனை சட்டென்று உடையும். பழைய இரும்புக் கடைத் துண்டானால் அரத்தால் ஒரு இழு இழுங்கள். அரம் வழுக்கினால் அதை ஓரமாக வையுங்கள்.

5. வேகம்

மைல்ட் ஸ்டீலுக்கு கார்பைடு நிமிடத்துக்கு 100 மீட்டர் கேட்கும். 318ஐ அதோடு பெருக்கி மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 20 மி.மீ. ராடுக்கு சுமார் 1,590. ரொம்பக் குறைத்தால் உலோகம் முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். அந்த வேகம் உங்கள் லேத்தில் வராவிட்டால் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட்டே மேல். அதற்கு 25 மீட்டர், அதாவது 400 சுற்று போதும்.

6. மாட்டிப் பார்ப்பது

மெஷினை அணைத்துவிட்டு, டூல் முனைக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக நெருக்கிப் பிடியுங்கள். நேராக நின்றால் உயரம் சரி. மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, ஒரு துண்டு பிளேடு கூட்டுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வேலூர் வெயிலுக்குக் குடியாத்தம் லுங்கியோடு நிற்கத்தான் தோன்றும், வேண்டாம். சிப் 6, 9 வடிவில் துண்டு துண்டாக விழுந்தால் எல்லாம் பொருந்திவிட்டது. நூலாக நீண்டால் ஃபீடைக் கொஞ்சம் கூட்டுங்கள், கையால் மட்டும் இழுக்காதீர்கள்.

இந்த ஹோல்டரில் ஒரு இன்சர்ட்டுக்கு இரண்டு முனைதான் பயன்படும். தேய்ந்த முனையில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திருப்பி மாட்டுங்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூ கீழே விழுந்தால் சிப் குப்பைக்குள் தேடிக் கிடைக்காது, ஹோல்டர் வாங்கும்போதே நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள்.