நோயாளியின் தோலிலிருந்து நடுமூளை நரம்பணு வரை: பார்க்கின்சன் ஆய்வுக்கான வழிமுறை

பார்க்கின்சன் நோயில் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வெளியே தெரியும் வேளையில், நடுமூளையின் கரும்பொருள் பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து அவற்றை எடுத்துப் பார்க்க வழியில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனகாவின் குழு 2006இல் எலியின் தோல் அணுக்களையும், 2007இல் மனிதத் தோல் அணுக்களையும் நான்கு மரபணுக்களைக் கொண்டு, எந்த வகை அணுவாகவும் வளரக்கூடிய குருத்தணு நிலைக்குத் திருப்பிய பிறகுதான், அந்த நரம்பணுக்களைத் தட்டிலேயே வளர்க்கும் வழி திறந்தது.

யாருடைய அணுக்களை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒற்றை மரபணுக் காரணம் கிடையாது; ஆகவே புதிதாகத் தொடங்குவோர் பார்க்கின்சனோடு தொடர்புடைய எல்ஆர்ஆர்கே2 புரதத்தின் 2019ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரீன் அமைந்த நோயாளியையோ, ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதத்தை உருவாக்கும் எஸ்என்சிஏ மரபணுப் பகுதி மும்மடங்கான நோயாளியையோ தேர்ந்தெடுப்பது நல்லது. ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமான ஒருவரின் அணுக்கள் மட்டும் போதாது. இருவருக்கிடையே மரபணுவில் உள்ள எண்ணற்ற வேறுபாடுகள், நீங்கள் தேடும் சிறு மாற்றத்தை எளிதில் மூடிவிடும். அதே நோயாளியின் குருத்தணுவில் அந்த ஒரு பிழையை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் தொகுப்பு முறையில் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் ஒரே நாளில், ஒரே வளர்ப்பூடகத்தில் (அணுக்களுக்கான ஊட்டத் திரவத்தில்) வளர்த்து ஒப்பிடுங்கள். செலவும் காலமும் கூடினாலும் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

நன்கொடையாளரின் எழுத்து மூல ஒப்புதலுடன் தோலோ இரத்தமோ பெற்று, மரபணுத் தொகுதிக்குள் நுழையாத செண்டாய் வைரஸ் வழியே அந்த நான்கு மரபணுக்களைச் செலுத்தி அணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றலாம். நல்ல குருத்தணுக் கூட்டம் நெருக்கமாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். ஓரம் சிதறி அணுக்கள் பரந்து கிடந்தால் அதை ஒதுக்குங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி தொற்றியிருக்கிறதா என்ற சோதனையையும் குரோமோசோம் சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். குறிப்பாக 20ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் ஒரு துண்டு பெருகிய அணுக்கள் வேகமாக வளர்ந்து மற்றவற்றை விழுங்கிவிடும்.

குருத்தணுவை நரம்பணுவாக மாற்றும் நரம்பணுவாக்கத்தில் கவனம் முழுவதும் தேவைப்படுவது முதல் இரண்டு வாரங்களில்தான். அணு எவ்வகையாக வளரும் என்பதைத் தீர்மானிக்கும் சமிக்ஞைகளில், எஸ்எம்ஏடி சமிக்ஞையின் இரு கிளைகளையும் தடுத்து, சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தூண்டி, சிஐஆர்99021 என்ற வேதிப்பொருளால் டபிள்யூஎன்டி பாதையை இயக்க வேண்டும். இந்த வேதிப்பொருளின் அளவு குறைந்தால் முன்மூளை அணுக்களும், மிகுந்தால் பின்மூளை அணுக்களும் கிடைக்கும் என்பதால், ஒவ்வோர் அணுவழிக்கும் (ஒரே மூலத்திலிருந்து வளர்த்த அணுத் தொகுப்புக்கும்) பல செறிவுகளைத் தனியே சோதித்துக் கொள்ளுங்கள். இரண்டு வார அளவில், நடுமூளை முன்னோடி அணுக்களின் அடையாளப் புரதங்களான ஃபாக்ஸ்ஏ2, எல்எம்எக்ஸ்1ஏ இரண்டும் ஒரே அணுவில் தென்பட வேண்டும். பின்னாளில், டோபமின் உருவாக்கத்துக்கான நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மட்டும் தெரிந்தால் அமைதி கொள்ளாதீர்கள். ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களிலும் அது உண்டு.

முதிர்ந்த நரம்பணுக்கள் ஒரு தாள் போலத் தட்டை விட்டு உரிந்து வரக்கூடும். ஊடகத்தில் பாதியை மட்டும் மாற்றுங்கள். புதியதைக் கிணற்றின் (தட்டிலுள்ள சிறு குழியின்) சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

குருத்தணுவாக மாறும்போது நோயாளியின் வயதின் தடங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், அணுக்கள் இளமையாகவே இருக்கும். ஆல்ஃபா சினியூக்ளின் அளவு, நரம்பிழைகளின் நீளம், மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியாவிட்டால், மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் ரோட்டினோன் என்ற நச்சை மிகக் குறைந்த அளவு கொடுத்து எது முதலில் தளர்கிறது என்று பாருங்கள். அளப்பவருக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரியக் கூடாது. வேறொருவர் குறியீட்டு எண் இடட்டும். ஒரே தட்டின் ஆறு கிணறுகளை ஆறு சோதனைகளாக எண்ணாமல், குருத்தணுவிலிருந்து தனித்தனியே தொடங்கிய குறைந்தது மூன்று நரம்பணுவாக்கங்களையே மூன்றாகக் கணக்கிடுங்கள்.