வலி மாத்திரையிலிருந்து வெளியே வர

மதுரை செல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தறி ஓட்டுகிறவர்கள், கீழமாரட் வீதியில் மூட்டை இறக்குகிறவர்கள், பைக்கில் விழுந்து காலில் தகடு வைத்தவர்கள் என்று வலியோடு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையில் பாதி. அவர்களில் சிலருக்கு வலி குறைந்த பிறகும் மாத்திரை குறைவதில்லை. அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. டிரமடால், டாபென்டடால், கோடீன், பென்டசோசின் என்று இருந்தால் அது அபின் வகையைச் சேர்ந்தது. பாராசிட்டமாலோடு டிரமடால் கலந்தும் ஒரே மாத்திரையாக வரும், அதனால் கடைசி வரி வரைக்கும் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வேறு வகை. அவற்றை மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ஆனால் விட முடியாதபடி உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது, நான் இங்கே சொல்லும் சிக்கல், அவற்றுக்குக் கிடையாது.

"ஒரு வேளை தள்ளிப்போனா காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குக்கா, அதைப் போட்டாத்தான் எந்திரிக்க முடியுது" என்று ஒரு லோடுமேன் அண்ணன் சொன்னார். கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை இவையெல்லாம் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் இது வரும். இதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ அன்றோடு விட்டுவிடலாம் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த நாளே உடம்பு முறுக்கிப் போட்டுவிடும், தாங்காமல் முன்பைவிட அதிகம் விழுங்குவார்கள். வேண்டுதலை டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிரமடாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யும் இடத்திலும் வேலை செய்கிறது, அதனால் திடீரென்று விட்டால் படபடப்பும் பயமும் சேர்ந்துகொள்ளும். அளவு கூடினால் வலிப்பும் வரலாம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை, குடிப்பழக்கம், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். தூக்க மாத்திரையோ சாராயமோ இந்த வகையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். எழுதிக்கொடுத்த டாக்டரே குறைத்துத் தர முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குச் சீட்டுப் போடுங்கள். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று மாமியார் கேட்பார், கேட்கட்டும், போதைப்பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446.

குறைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாதம் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாக, என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. கஷ்டமாக இருந்தால் அதே அளவில் கொஞ்ச நாள் நிற்கலாம். 100 மில்லிகிராம் எஸ்ஆர் மாதிரி மெதுவாகக் கரையும் மாத்திரைகளை நீங்களாக உடைக்கக் கூடாது, உடைத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சின்ன அளவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டாம். மனைவியோ அண்ணனோ வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு எடுத்துத் தரட்டும். ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுதுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், கால் குடைச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம், சாப்பிட முடியாத அன்று கஞ்சி. வியர்வையும் படபடப்பும் மிஞ்சினால் டாக்டர் குளோனிடின் தருவதுண்டு. அது ரத்த அழுத்தத்தை இறக்கும், அளவு அவர் சொல்வதுதான். சிலருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரனார்பின் தருவார்கள், அதுவும் அபின் வகைதான். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டு அதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். அது வைத்தியம்.

வலியைக் குறைக்கவும் வேறு வழி தேட வேண்டும். இந்த மருந்தை நெடுநாள் போட்டால் நரம்பு சின்ன வலியையும் பெரிதாகக் காட்டலாம், அதனால் குறைக்கும்போது முதலில் வலி ஏறின மாதிரிதான் இருக்கும். பிசியோதெரபியை அந்தச் சமயத்தில் விடாதீர்கள். மூட்டை தூக்குகிறவர்கள் "நாள் பூரா நடக்கிறோமே" என்பார்கள். சுமை இல்லாமல் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடப்பது முதுகுக்கு வேறு வேலை.

மாத்திரை கிடைக்கும் என்று கடை மாற்றாதீர்கள். 2014 மார்ச்சிலிருந்து டிரமடால் விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதுகிறோம். 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. பழைய மருந்துச் சீட்டோடு வருகிறவரை நான் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எங்கே போவது என்று சொல்லி அனுப்புகிறேன், மற்றக் கடைக்காரர்களும் அப்படிச் செய்ய வேண்டும். வெறுங்கையோடு போகிறவர் சிம்மக்கல்லில் சீட்டில்லாமல் தேடுவார்.

குறைத்த பிறகு ஒரு நாள் பழைய அளவைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. உடம்புக்குத் தாங்கும் பழக்கம் போயிருக்கும். எழுப்பினால் எழாமல், குறட்டை மாதிரி விட்டுவிட்டு மூச்சு வந்து, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108. மிச்ச மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள்.

புற்றுநோய் வலிக்கு இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, குறைப்பது பற்றி நான் எழுதியது பொருந்தாது. "பழகிடும்" என்று சொல்லி அவர்களுக்கு வீட்டார் மாத்திரையைக் குறைப்பது கொடுமை.

விட்ட பிறகு பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால், மயக்க மருந்து கொடுக்கும் முன்பே "நான் டிரமடாலுக்குப் பழகி, அப்புறம் அதை விட்டிருக்கேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வலி மருந்தா, இதுவே வேண்டுமென்றால் எத்தனை நாளைக்கு என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்வார்.