கிரயம் முடிந்த பிறகு பார்ட்டியோடு தொடர்பில் இருப்பது எப்படி?

பத்திரம் பதிவாகி கமிஷன் கைக்கு வந்ததும் பல புரோக்கர்கள் அந்தப் பார்ட்டியை விட்டுவிடுகிறார்கள். வாங்கியவருக்கு அலைச்சல் அதன் பிறகுதான். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் கூட நிற்பவரைத்தான் அவர் அடுத்தவருக்குச் சொல்வார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ போடுங்கள். பெயர், போன், பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், மனை எண், கடன் கொடுத்த வங்கி, கிரகப்பிரவேச தேதி இருந்தால் போதும். ஆதார், பான் நகல்கள் போனில் கிடந்தால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பதிவான இரண்டு வாரத்துக்குள் பதிவுத் துறை தளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலை, போட்டுப் பாருங்கள். வாங்கியவர் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பத்திரத்திலேயே தவறு என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரின் கையெழுத்து தேவை. அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடலாம். வெளிநாடு போய்விட்டாலோ காலமாகிவிட்டாலோ வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அடுத்தது பட்டா. உட்பிரிவு (ஒரே சர்வே எண்ணில் உள்ள நிலத்தைப் பிரித்துத் தனி எண் தருவது) தேவையில்லாத இடத்துக்குப் பெரும்பாலும் சீக்கிரம் மாறிவிடும். உட்பிரிவு செய்ய வேண்டியது என்றால் சர்வேயர் வந்து அளக்கும்வரை மனு நிற்கும். மனு எண்ணை வாங்கி வைத்து, மாதம் ஒருமுறை நிலையைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். பட்டா கைக்கு வந்த நாள்தான் அடுத்த பார்ட்டியைக் கேட்கச் சரியான நேரம். “யாராவது இருந்தா சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் யார் முகமும் நினைவுக்கு வராது. “உங்க ஆபீஸ்ல யாராவது தாம்பரம் பக்கம் வீடு தேடறாங்களா சார்?” என்று கேளுங்கள்.

சொத்து வரிக்கு ஏப்ரல், அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பதிவு நாளன்றே, எதிரிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்க்காதீர்கள். ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரியும், வேறு புரோக்கரும் அள்ளிக்கொண்டு போவார்.

காலி மனை வாங்கியவர்களை விட்டுவிடவே கூடாது. பலர் வெளியூரிலோ துபாயிலோ இருப்பார்கள், வருடக்கணக்கில் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் மனைக்குப் போய் நான்கு மூலைக் கல்லையும் தனித்தனியாகவும், சாலையிலிருந்து முழு மனையையும் படம் எடுத்து அனுப்புங்கள். கல் காணவில்லை, பக்கத்து வேலி நகர்ந்திருக்கிறது, குப்பை கொட்டுகிறார்கள் என்றால் அன்றே சொல்லுங்கள். கல்லை நீங்களாக நடாதீர்கள். உரிமையாளர் மனு கொடுத்து, சர்வேயர் அளந்துதான் நட வேண்டும். வருடத்தில் அரை நாள் வேலை இது. விற்கும் எண்ணம் வந்தால் அவர் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்.

வீட்டுக் கடனை அடைத்தவருக்கும் உதவி தேவைப்படும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரசீது ஆவணமும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் கடன் அப்படியே நிற்கும், விற்கும்போது வாங்க வருபவரின் வக்கீல் அங்கேதான் கை வைப்பார்.

“இப்ப என் இடம் என்ன விலை போகும்?” என்று கேட்டால் ஏற்றிச் சொல்லாதீர்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும், அதே தெருவில் அண்மையில் உண்மையாகக் கைமாறிய விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.