மெனு திறக்கும்போது டிஸ்க்கைத் தொடாதீர்கள்

வடசேரியில் ஓர் அச்சகத்துக்காக நான் கியூட்டியில் (Qt, ஜன்னல், மெனு எல்லாம் கொண்ட நிரல் எழுத உதவும் கருவித்தொகுப்பு) எழுதிக் கொடுத்த எடிட்டர் அது. மாசி மாதம், கொடை விழா மலர் வேலை மும்முரம். டைப் அடிக்கும் அக்கா போனில் கூப்பிட்டார்: "தம்பி, மெனு வாறதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிட்டு வந்திரலாம் போல."

தப்பு என்னுடையதுதான். கோப்பை வெளியே யாராவது மாற்றியிருந்தால் மட்டும் 'மறுபடி ஏற்று' என்ற மெனு வரி வேலை செய்ய வேண்டும். அதற்காக மெனு திறக்கும் ஒவ்வொரு முறையும், திறந்திருக்கும் 40 கோப்புகளையும் முழுக்கப் படித்து செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) போட்டுக்கொண்டிருந்தேன். கோப்புகள் இருந்ததோ முன்னறைக் கணினியின் ஷேர் ஃபோல்டரில்!

இப்போது ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'வெளியே மாறியது' என்று ஒரு ஃபிளாக், அதாவது ஆம்/இல்லை என்ற குறி. மெனு அதை மட்டும் படிக்கும். டிஸ்க்கைப் பார்க்கும் வேலை முழுக்க வேறு த்ரெட்டில், அதாவது மெனுவைக் காட்டும் வேலையோடு பக்கத்திலேயே தனியாக ஓடும் இழையில்.

அந்த ஃபிளாக்கை ஏற்ற உதவுவது கியூஃபைல்சிஸ்டம்வாட்சர் (QFileSystemWatcher); கோப்பு மாறினால் சேதி சொல்லும் கியூட்டியின் பகுதி. லினக்ஸில் அது இனோட்டிஃபை (inotify) என்ற, கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் கெர்னல் வசதியைப் பயன்படுத்துகிறது. சேதி வந்ததும் கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் பாருங்கள். நேரம் புதியதா என்று கேட்காதீர்கள், வேறாக இருக்கிறதா என்று கேளுங்கள்; பேக்கப்பிலிருந்து பழைய பிரதியை எடுத்துப் போட்டால் நேரம் பின்னால் போகும். வேறாக இருந்தால் மட்டும் செக்சம். அதுவும் மாறியிருந்தால் ஃபிளாக். நம் எடிட்டரே சேமித்தபோது இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால், நம் சேமிப்பையே அந்நியர் வேலை என்று நினைத்து அலற மாட்டோம்.

என்னை இரண்டு நாள் அலையவிட்டது வேறு. பல எடிட்டர்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கும். வாட்சரைப் பொறுத்தவரை பழைய கோப்பு செத்துப்போயிற்று, அந்தக் கோப்பின் பாதையைத் தான் கவனிக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். முதல் மாற்றம் தெரியும், அடுத்தது தெரியாது. அதனால் சேதி வந்து 200 மில்லிசெகண்ட் பொறுத்து, கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, பாதையை மறுபடி சேர்க்க வேண்டும்.

ஷேர் ஃபோல்டர் கதை தனி. இன்னொரு கணினியில் நடக்கும் மாற்றம் இனோட்டிஃபைக்குக் கேட்காது. அதற்கு நம் எடிட்டரின் ஜன்னல் திரையில் முன்னால் வரும்போதும், 5 செகண்டுக்கு ஒரு முறையும் அளவு, நேரம் சரிபார்ப்பு. முன்னறையில் கரண்ட் போனால் இந்தச் சின்ன வேலையே அப்படியே தொங்கி நிற்கும், ஆகவே இதையும் மெனுவைக் காட்டும் மெயின் த்ரெட்டில் வைக்காதீர்கள்.

பென் டிரைவில் வரும் ஃபேட் (FAT) என்ற கோப்பு அமைப்பில் மாறிய நேரம் 2 செகண்ட் துல்லியத்தில்தான் பதிவாகும். அடுத்தடுத்து சேமித்து, அளவும் மாறாவிட்டால் நமக்குத் தெரியாது. அதனால் மேலெழுதிச் சேமிக்கும் முன் ஒரு தடவை செக்சம் போடுகிறேன். அந்த நேரத்தில் அரை செகண்ட் போனால் யாரும் சாயா குடிக்கப் போக மாட்டார்கள்.

மாற்றம் தெரிந்ததும் டயலாக் பெட்டி போட்டிருந்தேன். அக்கா அடிக்கும் வேகத்தில் அடுத்த எண்டரே அதற்கும் பதிலாகிவிட்டது. ஒரு பக்கம் போயிற்று. இப்போது ஆவணத்தின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை மட்டும்.